சார் வீட்டு ஜன்னல்

டக். ஜன்னல்ல ஒரு கதவு. இரு, இன்னொண்ணு இருக்கு, அது மழையில ஊறி உப்புன கதவு, லேசுல சேராது, உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டுத் தட்டணும். டக். ஆங், மூடியாச்சு. இன்னைக்குமா அப்பா? இன்னைக்குக்கூடவா? காலையில மதுரையில அந்த டாக்டர் முன்னால என் பக்கத்து நாற்காலியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டீங்களே. உங்க மகளுக்கு மூளையில இன்ன இன்ன இடத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி இருக்குன்னு அவரு பேனா முனையால தொட்டுத் தொட்டுக் காமிச்சாரே, இதுக்குப் பேரு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு சொன்னாரே, இவங்க புகை பக்கமே போகக் கூடாது, சின்னப் பிள்ளை இருந்தா அதையும் விடாதீங்கன்னு சொன்னாரே, அத்தனைக்கும் சரிப்பா சரிப்பான்னு தலையாட்டிட்டு, பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து, சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டி, மூஞ்சியக் கழுவிட்டு, நேரா அந்த ரூமுக்குள்ள போய் ஜன்னலை மூடுறீங்களே, நீங்க மனுசன்தானா? நான் ஹால்ல கட்டில்ல கிடக்கேன். எந்திரிக்கணும். எந்திரிக்க முடியல. வலது கால் முழங்காலுக்குக் கீழ என்னோடது இல்ல, யாரோ வெச்சுட்டு மறந்து போன கால் அது, கிள்ளிப் பாத்தேன், கிள்ளுற விரலுக்குத்தான் தெரியுது. வெயில்ல போயிட்டு வந்தா இப்படித்தான் ஆகும், குளுந்தாச் சரியாகும்னு டாக்டர் சொன்னாரு. எனக்குச் சரியாகுறது கிடக்கட்டும். பிள்ளை உள்ள இருக்கான். என் பிள்ளை, மித்திரன், ரெண்டு வயசு, அந்த ரூம்ல குடை மாதிரி விரியுற கொசுவலைக்குள்ள தூங்குறான். கூலர் இருக்குறது அந்த ஒரு ரூம்லதான்னு பக்கத்து வீட்டு செண்பகம் அக்கா, நாங்க வர்றதுக்குள்ள சோறு ஊட்டி அங்க படுக்கப் போட்டுட்டுப் போயிருக்கு. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கு, அதைச் சொல்லிக் குத்தமில்ல. பிள்ளை உள்ள இருக்கான், ஜன்னல் மூடியாச்சு.

இது வெளிய எவனுக்காவது தெரியுமா? எவனுக்கும் தெரியாது. சங்கரலிங்கம் சார்னா இந்த ஊர்ல ஒரு இது இருக்கு. கணக்கு சார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, டீக்கடை பெஞ்சுல உக்காந்து யாரும் பாத்தது கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, தண்ணி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால எவனாவது பீடியோட சிக்குனா வெயில்ல முட்டி போட வெச்சு, அப்பன் ஆத்தாளைக் கூட்டியாரச் சொல்லி, இனி தொட மாட்டேன்னு சரஸ்வதி படத்து முன்னால சத்தியம் வாங்காம விட மாட்டாரு. அப்பேர்ப்பட்டவரு ரோட்டுல நின்னு பத்த வெப்பாரா? வெக்கமாட்டாரு. எவனாவது பாத்துருவான், எவனாவது படிச்ச பையன், எவனாவது படிச்ச பையனோட அப்பன். அப்ப எங்க பத்த வெப்பாரு? இங்க. எங்க மூஞ்சியில. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வராந்தா, அங்கதான் சாயங்காலம் டியூசன் பிள்ளைங்க உக்காரும், அதனால முதல்ல ஜன்னல் மூடணும், அப்புறம் வாசக்கதவைச் சாத்தணும், அப்புறம்தான் தீப்பெட்டி. ரோட்டுல நின்னு ஊதுறவன் வீட்டுப் பிள்ளை எல்லாம் தப்பிச்சிருக்கும்யா. ஒழுக்கமான மனுசன் வீட்டுப் பிள்ளைதான் மாட்டிக்கிருச்சு. நெருப்பில்லாமப் புகையாதும்பாக, எங்க வீட்ல புகையுறதே ஊருக்குத் தெரியாது, பெறகு நெருப்பு எங்கிட்டுத் தெரியும். சின்னப் பிள்ளையில கடைக்குப் போறது நான். நம்ம தெருக் கடை ஆகாது, அடுத்த தெருவும் ஆகாது, பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாவாடையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடணும், ஊர்ல இருந்து சித்தப்பா வந்திருக்காக, அவுகளுக்குன்னு சொல்லணும். அந்தக் கடைக்கார அண்ணாச்சி ஒரு நாள் கேட்டாரு, ஏன் பாப்பா, உங்க சித்தப்பா ஊருக்கே போக மாட்டாரான்னு. நான் அழுதுட்டேன். அப்பாகிட்டச் சொன்னப்ப அவரு சிரிச்சாரு, அம்மாவும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். மூணு பேரும் ஜன்னலை மூடிக்கிட்டுச் சிரிச்சோம்.

அம்மா இருந்தவரைக்கும் சாம்பிராணி. வெள்ளிக்கிழமைக்குப் போட்டது போய், தினமும் ஆச்சு, பெறகு காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு ஆச்சு. யாராவது கதவைத் தட்டுனாப் போதும், இந்தா வர்றேன்னு குரல் குடுத்துக்கிட்டே கரண்டியில ரெண்டு நெருப்புக் கங்கு எடுத்துப் போட்டு மேல ஒரு சிட்டிகை தூவிருவா. சிகரெட் புகையை மறைக்க இன்னொரு புகை. மகராசி, அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தது. வந்தவுக உள்ள நுழைஞ்சதும் மூக்கை இழுத்து, சார் வீட்டுக்குள்ள கால் வெச்சாலே கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குன்னு கன்னத்துல போட்டுக்குவாக. அம்மா சக்கரை நோய் வந்து போய்ச் சேந்துட்டா, கடைசியில ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுகூட, வீட்ல சாம்பிராணி இருக்காடின்னு கேட்டா. அதைக் கேக்குறா, பாருங்க. என்னையக் கேக்கல, அவ மூச்சைப் பத்திக் கேக்கல. புருசன் மானம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்களே, நாங்க மறைச்சோம். தினமும் மறைச்சோம். மறைச்சு மறைச்சு அந்தச் சோத்தையும் நாங்களே தின்னோம். பிள்ளை உள்ள இருக்கான். இருமுறானா? இல்ல, அது கூலர் சத்தம். கூலருக்குத் தண்ணி ஊத்தலேன்னா அப்படித்தான் கரகரங்கும்.

ஐயோ, ஆனா எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அதை எங்க போய்ச் சொல்றது? அப்பா வாசனைன்னா அதுதான். சாக்பீஸ், வேர்வை, சிகரெட். மத்த பிள்ளைங்க அப்பாவெல்லாம் தோள்ல தூக்கிக் கொண்டாடுனாகளா என்னன்னு தெரியாது, எங்க அப்பா கணக்கு சொல்லிக் குடுப்பாரு. நான் பத்தாப்பு படிக்கையில அந்த ரூம்லதான், அந்த மேசையிலதான், அவரு ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. ஜன்னல் சாத்தியிருக்கும். ஒரு கணக்குப் போட்டு முடிச்சு நான் நோட்டை நீட்டுவேன், அவரு வாயில இருந்ததை எடுத்து விரலுக்கிடையில இடுக்கிக்கிட்டு, புகைக்குக் கண்ணைச் சுருக்கி, வரி வரியாப் பாத்து, கடைசி வரியில ஒரு கோடு இழுத்து, சபாஷ் வடிவுன்னு சொல்லுவாரு. அந்த சபாஷோட சேந்து புகையும் வரும். மூக்கைத் திருப்பிக்க எனக்குத் தோணவே தோணாது, சபாஷைத் திருப்பி அனுப்புற மாதிரி ஆயிருமே. விரல்ல மஞ்சக்கறை இருக்கும், பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி அதுல சாக்பீஸ் பொடியைத் தேச்சுக்குவாரு, நான்தான் பொடி பண்ணிக் குடுப்பேன். சிகரெட்டை ஜாமெட்ரி பாக்ஸுல வெச்சிருப்பாரு, காம்பஸ், டிவைடர், அதுக்குப் பக்கத்துல வரிசையா. பத்தாப்புல நான் கணக்குல நூத்துக்கு நூறு. ஊரே வந்து கைகுலுக்குச்சு. அந்த நூத்தை நான் எதைச் சுவாசிச்சு வாங்குனேன்னு அன்னைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, தெரிஞ்சிருந்தா பத்த வெச்சிருப்பாரா? வெச்சிருக்க மாட்டாரு. தெரியாமச் செஞ்சது வேற. சரி, அதை விடு. இன்னைக்குத் தெரியுமே. இன்னைக்குப் பதினோரு மணியில இருந்து தெரியுமே.

முதல்ல கண்ணுதான். இடது கண்ணு. மிளகாய் ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன், வத்தல் எல்லாம் வெளுத்துப்போய்க் கிடந்துச்சு, என்னடா கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டானேன்னு கோவத்துல பையைத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்குப் போனேன், அங்க போய் வலது கண்ணால பாத்தா நல்லாச் செவப்பா இருக்கு. மானம் போச்சு. ஒரு கண்ணை மூடிப் பாத்தாச் செவப்பு, மறு கண்ணை மூடிப் பாத்தா வெளிறுன துணி. பெறகு குனிஞ்சா கழுத்துல இருந்து முதுகு வழியா ஒரு மின்சாரம் இறங்குச்சு, கோலம் போடக் குனிஞ்சா அங்ஙனயே உக்காந்துருவேன். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னா, பிள்ளை பெத்த பச்சை உடம்புல காத்தடிச்சிருக்கு, பூண்டு சாப்பிடுன்னாக. மஸ்கட்ல இருந்து என் வீட்டுக்காரரு வீடியோவுல பாத்துட்டு, ஏன் வடிவு கண்ணை இடுக்கி இடுக்கிப் பாக்குற, கண்ணாடி போட்டுறு, நல்லாத்தான் இருக்கும்னாரு. அங்க ஏசி ரிப்பேர் பண்ணிப் பண்ணி மனுசனுக்கு எல்லாமே ஒரு பார்ட்டு மாத்துனாச் சரியாப்போயிரும். அப்பா மட்டும்தான் பயந்தாரு. ரத்தம் கம்மியா இருக்கும்மான்னு தினமும் பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்தாரு, கொட்டையை எடுத்துக் கையில குடுப்பாரு, அந்த விரலாலதான், அந்த மஞ்ச விரலால. நான் சாப்பிடுற வரைக்கும் எதுத்தாப்புல நின்னு பாத்துட்டு, கண்ணு கலங்கி, உள்ள போய் ஜன்னலை மூடிக்குவாரு. எனக்குக் கவலைன்னா அவருக்கு அது வேணும். அவருக்குக் கவலைன்னாலும் அது வேணும். சந்தோசத்துக்கும் அதுதான். நல்ல சாமி.

அந்த டாக்டர், ஜெயபாண்டியன். பெரிய நரம்பு டாக்டர், வெளிய எள்ளுப் போட்டா விழாத கூட்டம், உள்ள போனா பட்டுனு நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாரு. சார்! நீங்களா சார்! எட்டி வந்து காலைத் தொட்டுட்டாரு. ஒன்பதாப்பு பி செக்சனாம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, இவுக யார் தெரியுமா, என்னைய மனுசனாக்குனவுக, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பீடியோட புடிச்சு அன்னைக்கு முட்டி போட வெக்கலேன்னா நான் இன்னைக்கு லாரியில கிளீனராப் போயிருப்பேன், அன்னைக்கு விட்டது சார், இன்னைக்கு வரைக்கும் தொட்டது கிடையாதுங்கிறாரு. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. பெறகு ஸ்கேனைப் பாத்தாரு, டாக்டர். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா, ஒயர் மேல பிளாஸ்டிக் இருக்குல்ல, அது மாதிரி, நம்ம உடம்பே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அதை அரிச்சுருது. மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு, கட்டுக்குள்ள வெக்கலாம், நல்லா நடமாடலாம், ஆனா அடிச்சுத் துரத்த முடியாது. அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டாரு. வீட்ல யாருக்கும் இது இருக்கா, வெயில் படுறீங்களா, பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா. வீட்ல யாராவது புகை பிடிப்பாங்களான்னு கேட்டுட்டு அவரே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. சங்கரலிங்கம் சாரை உக்கார வெச்சுக்கிட்டு இதைக் கேக்குறேன் பாருங்க, எனக்குத்தான் வைத்தியம் பாக்கணும்னு சிரிச்சாரு. நர்ஸம்மாவும் சிரிச்சுச்சு. நான் அப்பாவைப் பாத்தேன். அப்பா துடைச்ச கண்ணாடியை மறுபடியும் துடைச்சாரு. சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாரு, மகள் கண்ணு போகுது, கால் போகுது, இப்பக்கூடவா சொல்ல மாட்டாருன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. நான் சொல்லியிருக்கலாம்ல? நாக்கு மேல வந்துருச்சு. அந்த மனுசன் எங்க அப்பா காலைத் தொட்ட கையை இன்னும் துடைக்கக்கூட இல்ல, எப்படிச் சொல்லுவேன்? சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல.

ஆனாலும் கேட்டேன். ஏன் சார், புகையினால இது வருமான்னு கேட்டேன். இது ஒண்ணுனாலதான் வந்துச்சுன்னு உலகத்துல எவனும் சொல்ல முடியாதும்மா, பல காரணம் சேரணும்னாரு. ஆனா சின்ன வயசுல இருந்து வீட்டுக்குள்ள அடுத்தவங்க புகையைச் சுவாசிச்சு வளந்தவங்களுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, வந்தவங்களுக்கும் புகை நல்லதில்ல. உங்க பிள்ளைக்கு வந்துருமோன்னு பயப்படாதீங்க, மத்த பிள்ளைங்களைவிட வாய்ப்பு ஒரு பொடியளவு கூடத்தான், அதோட புகையும் சேர வேண்டாமே, அம்புட்டுத்தான். வாய்ப்பு. கொஞ்சம் கூட. சொல்ல முடியாது. இந்த மூணு வார்த்தையையும் பஸ்ல மதுரையில இருந்து சவைச்சுக்கிட்டே வந்தேன். வாய்ப்புன்னா என்ன அப்பா, நீங்கதான நிகழ்தகவு நடத்துனீங்க, பையில இத்தனை செவப்புப் பந்து, இத்தனை வெள்ளைப் பந்து, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுன்னு. எனக்கு வெள்ளை வந்துருச்சு, மூளை பூரா வெள்ளை. நீங்கதான் போட்டீங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டா உங்களை வெறுத்துத் தொலைச்சுருவேன், நீங்க இல்லேன்னு சொல்லிட்டா உங்க மடியில விழுந்து அழுதுருவேன். ரெண்டுக்கும் வழியில்லாம பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வந்தேன். வழியில பஸ் நின்னப்ப அவரு இறங்கி ஓடிப்போய் ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்தாரு, குடிம்மா, குளிர்ச்சின்னாரு. அவரு வாய் உள்ளுக்குள்ள ஏதோ முணுமுணுத்துச்சு. என்னப்பான்னேன். ஒண்ணுமில்லம்மான்னாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டாரு, அருப்புக்கோட்டை வர்ற வரைக்கும் விடல. சிகரெட்டை விட்டுட்டாரு போல, நான் மனசுக்குள்ள நெனச்சேன், இனிமே விட்டுருவாரு, ஒரு வார்த்தை நானாச் சொல்ல வேண்டியது இல்ல, அவருக்கே உறைச்சிருச்சு. அப்படித்தான் நெனச்சேன், மடச்சி.

வந்துருச்சு. கதவிடுக்குல வாசனை வந்துருச்சு. முதல்ல தீக்குச்சி, பெறகு அது. வராந்தாவுல பையைப் போடுற சத்தம் கேக்குது, டியூசன் பிள்ளைங்க வந்துருச்சுங்க, அஞ்சாம் வாய்ப்பாட்டை ஒண்ணு ராகமாப் படிக்குது. கூப்பிடலாம். அப்பான்னு ஒரு சத்தம் போடலாம். போட்டா அதுங்க காதுல விழும். விழுந்தா என்ன? அணைச்சுட்டு, சாம்பிராணியைப் போட்டுட்டு வெளிய வருவாரு, நாளைக்கு மறுபடி மூடுவாரு. சொல்லிப் பாக்கலாம். உங்களாலதான் எனக்கு வந்துச்சுன்னு சொல்லிப் பாக்கலாம். சொன்னா அந்த மனுசன் செத்துருவாரு. நெசமாச் செத்துருவாரு, பேரீச்சம்பழக் கொட்டையை எடுத்துக் குடுக்குற மனுசன், தூக்குல தொங்குனாலும் தொங்கிருவாரு. அதுவும் உறுதியில்லாத விசயம், வாய்ப்புத்தான், ஒரு வாய்ப்பை வெச்சு அப்பனைக் கொல்லவா? சரி, சொல்லாம இருக்கேன். சொல்லாம இருந்தா அங்க அவன் மூச்சு விடுறான். சின்ன மூச்சு, வேகமா விடுவான், நான் ஒண்ணு விடுறதுக்குள்ள அவன் ரெண்டு விட்டுருவான். என் ரத்தம் ஏற்கெனவே அவன் உடம்புல ஒரு பந்தைப் போட்டு வெச்சிருக்கு, தாத்தா இன்னொண்ணு போடுறாரு. நாளைக்கு அவன் பெரியவனாகி, மிளகாய் வெளுத்துத் தெரியுதும்மான்னு வந்து நின்னா நான் என்னன்னு சொல்லுவேன்? தாத்தா மானஸ்தர்டா கண்ணுன்னு சொல்லவா? அங்ஙன எங்கயாவது தனியா வீடு பாத்துப் போயிரலாமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா? பிள்ளையைத் தூக்கவே அப்பா வேணும், அந்தக் கைதான் வேணும். ஐயோ சாமி, என்னைய ஏன் இப்படிப் போட்டு வதைக்கிற. எந்திரி. எந்திரி வடிவு. எந்திரிடி.

எந்திரிச்சுட்டேன். சுவரு. சுவரைப் புடிச்சுக்கிட்டாப் போகலாம். காலைத் தரையில வெச்சா வெச்சது தெரியல, குனிஞ்சு கண்ணால பாத்துத்தான் வெக்க வேண்டியிருக்கு. குனிஞ்சா முதுகுல மின்சாரம் இறங்குது. இறங்கட்டும். டிவி ஸ்டாண்டு, அம்மா படம், மாலை, கதவு. தாழ்ப்பாள் போட மாட்டாரு, அந்தக் கதவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது, வீட்டுக்குள்ள யாருக்கு ஒளிக்கணும். தள்ளுனேன். நீலமா நிக்குது புகை, கூலர் காத்துல மெதுவா சுத்துது. அப்பா பனியனோட நாற்காலியில, மேசையில ஜாமெட்ரி பாக்ஸ் திறந்து கிடக்கு. என்னையப் பாத்ததும் பட்டுனு எந்திரிச்சு கையை முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டாரு. கொசுவலையைக் காணோம். கொசுவலை இருந்த இடத்துல ஒரு ஈரத்துணி மூட்டை. அவரு துண்டு, அவரு வேட்டி, போர்வை, எல்லாத்தையும் நனைச்சு வலையைச் சுத்தி ஒரு இடுக்கு விடாம மூடியிருக்காரு, தண்ணி சொட்டிக் கட்டில் விளிம்புல இறங்கி ஓடுது. "வடிவு, பாரு. ஈரத்துணியை மடிச்சு மடிச்சுப் போட்டுட்டேன், மேல ரெண்டு மடிப்பு, பக்கத்துல ரெண்டு மடிப்பு. இதைத் தாண்டி உள்ள போகாது. போகாதுல்லம்மா?" கணக்கு சார் கேக்குறாரு. நோட்டை நீட்டிக்கிட்டு நான் நின்ன இடத்துல அவரு நின்னு, விடை சரியான்னு என்கிட்டக் கேக்குறாரு. கையை இன்னும் பின்னாலதான் ஒளிச்சிருக்காரு, தோளுக்கு மேல புகை தெரியுது. "ஒண்ணே ஒண்ணும்மா. அந்தப் பையன் ஜெயபாண்டியன் சொன்னதுல இருந்து நெஞ்சு அடைக்குது. இதோட சரி." எனக்கு அவரைக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழணும் போல இருந்துச்சு. கன்னம் கன்னமா அறையணும் போலயும் இருந்துச்சு. ரெண்டையும் செய்யல. துணியை இழுத்துக் கீழ போட்டேன், வலைக்குள்ள பிள்ளை வேர்த்து நனைஞ்சு கிடக்கான், வாயைத் திறந்து மூச்சு விடுறான், விடுறான். நான் ஜன்னலுக்குப் போனேன்.

"வேணாம் வடிவு. பிள்ளைங்க வந்துருச்சு." தெரியும்ப்பா. "அந்தக் குமரேசன் அப்பன் பைக்ல நிக்கிறான், சத்தம் கேக்குது. என் மானம் போயிரும்மா." இத்தனை வருசத்துல அப்பா என்கிட்டக் கெஞ்சி நான் கேட்டது கிடையாது, கெஞ்சுற குரல் இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. கொண்டியை எடுத்தேன். உப்புன கதவு வரல. உள்ளங்கையால ஒரு தட்டு. வரல. கால் மாதிரி கை மரத்துப் போகல, வலிக்குது, வலிச்சா நல்லதுதான், இன்னொரு தட்டு. படார்னு திறந்துச்சு. வெயில் மூஞ்சியில அடிச்சுச்சு. என் காதோரமாப் புகை சரசரன்னு வெளிய போகுது, வராந்தாவுக்கு, ரோட்டுக்கு. வாய்ப்பாடு நின்னுபோச்சு. கீழ வரிசையா மூஞ்சிங்க, எல்லாம் அண்ணாந்து பாக்குது, பைக்ல இருந்த ஆளு ஒரு காலை ஊனிக்கிட்டுத் திரும்பிப் பாக்குறாரு. முன்வரிசையில ரெட்டைச்சடை போட்ட பிள்ளை ஒண்ணு பென்சிலைக் கடிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "அக்கா, என்னக்கா புகை? தீ புடிச்சிருச்சா?" பின்னால இருந்து, என் பிடரிக்குப் பின்னால, அப்பா மூச்சுவிடாமச் சொன்னாரு, "சாம்பிராணின்னு சொல்லிரு." அந்த வார்த்தை என் நாக்குல தயாரா இருந்துச்சு. எங்க அம்மா பாலோட சேத்துக் குடுத்த வார்த்தை அது. அந்நேரம் பார்த்துக் கட்டில்ல பிள்ளை இருமுனான், ஒரு தடவை, பெறகு இன்னொரு தடவை, அம்மான்னு கூப்பிட்டான்.

"இல்ல பாப்பா," நான் சொன்னேன், "சார் சிகரெட் குடிக்கிறாங்க." சொல்லிட்டு அடுத்த கதவையும் திறந்தேன்.